ஓடாத மோட்டாரின் அளவீடுகள்

கதவு சாத்திக்கொண்டது. மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டு எடுக்கும்போது சிறப்பு அழைப்பாளர் உள்ளே இருக்கக் கூடாதாம், விதி. காலேஜ் முதல்வர் பாதி எழுந்து, "மாரப்பன் சார், ஒரு பத்து நிமிஷம் வெளியே உட்கார்ந்துக்குங்க" என்றார். சார் என்ற சொல்லுக்கு முன்னால் அவர் நாக்கு ஒரு நொடி நின்று கிளம்பியது, லோடு ஏறிய மோட்டார் அப்படித்தான் கிளம்பும், பரவாயில்லை, கிளம்பியதே. மணி பத்து நாற்பது. பெஞ்சு சில்லென்று இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மில்லில் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள குழாயில் முகம் கழுவி, டிபன் பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மடத்துக்குளத்தில் பஸ் ஏறி நேராக வந்துவிட்டேன். தூங்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறவனுக்கு இந்தக் காலை வெயில்தான் நடுச்சாமம். கண்ணுக்குள் மணல். காதுக்குள் மில்லின் ஸ்பின்னிங் மெஷின் இன்னும் ஓடுகிறது, அது ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், சாவு வீட்டிலும் ஓடும். தூங்கிவிடக் கூடாது மாரப்பா. குறட்டை விட்டால் உள்ளே கேட்கும், பதினோரு பேராசிரியர்கள் காதிலும் விழும், ஒரே குறட்டையில் ஒரு வருஷ உழைப்பு போய்விடும். பதினேழு. எங்கள் வகுப்பின் பத்தொன்பது பேரில் பதினேழு பேருக்கு வேலை. இதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது. பதினேழு. உள்ளே மேசைமேல் கிடப்பது ஒரே ஒரு தாள்தான். மின்னியல் படிக்கிற பிள்ளைகளின் செய்முறைத் தேர்வை மாற்று என்று சொல்கிற தாள். ஓடுகிற மோட்டாரைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லாதே, ஓடாத மோட்டாரைக் கொடு, ஏன் ஓடவில்லை என்று கேள். ரெக்கார்டு நோட்டு வேண்டாம், பழுது நோட்டு போதும், அதில் தப்பாக நினைத்ததையும் அடிக்காமல் எழுத வேண்டும், தப்புக்கும் மார்க்கு உண்டு. மார்க்குப் போட ஒரு பேராசிரியர், அவர் பக்கத்தில் மில்லிலோ பட்டறையிலோ வேலை செய்கிற ஒருத்தர், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். தேறினால் ஜூனிலிருந்து வருஷத்துக்கு நூற்றிருபது பிள்ளைகள். தேறாவிட்டால் எங்கள் சனிக்கிழமை வகுப்பு இன்றோடு சரி. சோதனை முடிந்தது, நன்றி, ஒரு பொன்னாடை. பொன்னாடை வாங்கி நான் என்ன செய்ய, மில்லில் நூலுக்கா பஞ்சம்.

எதிர்ச் சுவரில் ரேங்க் வாங்கினவர்களின் படங்கள். வரிசையாக, பாஸ்போர்ட் முகங்கள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இந்த முகங்களை எனக்குத் தெரியும், இவர்களை இல்லை, இந்த மாதிரி முகங்களை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மில்லில் எலக்ட்ரிக்கல் ஹெல்பர் ஒரே ஒரு இடம், பத்தாவது படித்தால் போதும் என்று கேட்டில் ஒட்டினார்கள், திங்கட்கிழமை காலை ஷிப்ட் விட்டு வெளியே வருகிறேன், கேட்டிலிருந்து வேப்பமரம் தாண்டி லாரி எடை போடும் வேபிரிட்ஜ் வரைக்கும் வரிசை. அறுபத்திரண்டு பேர், நாற்பத்தோரு பேர் இன்ஜினியர். பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை வெயிலுக்குத் தலைமேல் பிடித்திருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மாரப்பா, நீயே டெஸ்ட் வெச்சு ஒருத்தனப் புடி, எனக்கு நேரமில்ல" என்றார். பத்தாவது கணக்கில் பெயிலாகிப் போன நான், இரண்டு தடவை போன நான், இன்ஜினியர்களுக்குப் பரீட்சை வைக்கிறேன். எப்படிக் குதித்திருக்க வேண்டும் என் மனசு. காலேஜ் என்ற சொல்லுக்கே ஏங்கிக்கொண்டு வாழ்ந்தவன் நான். கோயம்புத்தூர் பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிய மின்னியல் புத்தகங்களை, வேறு யாரோ கோடு போட்ட புத்தகங்களை, நைட் ஷிப்டில் பேனல் விளக்கு வெளிச்சத்தில் அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தவன். ஓரத்தில் யாரோ 'முக்கியம்' என்று எழுதியிருப்பான், அந்த முக்கியம் ஏன் முக்கியம் என்று தெரிய எனக்கு மூன்று மாசம் ஆகும், தெரிந்த அன்றைக்கு நூல் நூற்கிற ரிங் பிரேம் வரிசைக்கு நடுவில் தனியாகச் சிரிப்பேன். இதையெல்லாம் உட்கார வைத்து ஒருத்தர் சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நான் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான் என் துக்கம். அன்றைக்கு அந்தச் சுவர் விழுந்தது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, ஏன்? மூன்று பேஸில் ஒன்று இல்லை, ஒரு பியூஸை நான்தான் பிடுங்கி வைத்திருந்தேன். நாற்பத்தோரு பேரில் ஒருத்தர்கூட ஸ்டார்டர் மூடியைத் திறக்கவில்லை. பயம். ஒரு பையன் காகிதம் கேட்டான், கொடுத்தேன், டார்க், அதாவது முறுக்குவிசைச் சமன்பாட்டை எழுதினான். சரியாக எழுதினான், அதுதான் என்னை அடித்தது, ஒரு குறி தப்பில்லை, நான் ஒன்றரை வருஷம் முட்டி மோதிக் கற்ற சமன்பாடு, அவன் கையில் மழைத்தண்ணீர் மாதிரி ஓடியது, எழுதிவிட்டு மோட்டாரைப் பார்த்தான், அது உறுமிக்கொண்டே இருந்தது. அவன் கண் நிறைந்துவிட்டது. முட்டாள்கள் இல்லை. ஒருத்தரும் முட்டாள் இல்லை. யாரோ இவர்களுக்கு நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொடுத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்ததில் பாதி அவர்களிடம் இல்லை, அவர்களிடம் இருந்ததில் பாதி எனக்குக் கிடைக்கவே இல்லை. அன்றைக்குத் தூங்கப் போகாமல் இதே பஸ்ஸில் ஏறி இதே காலேஜுக்கு வந்தேன், அழுத பையன் இங்கே படித்தவன், கேட்டில் வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் என்றார், எனக்குத் தெரியவில்லை, மோட்டார் பாடம் எடுக்கிறவங்க யாராவது, என்றேன்.

மெஹருன்னிசா மேடம் வந்தார். துறைத் தலைவி, என் வயதுதான் இருக்கும், சுண்ணாம்புப் பொடி படிந்த விரல். நான் நின்றுகொண்டே அழுத பையன் கதையைச் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன், அவர் மறுக்கவில்லை, "பேரு சொல்லாதீங்கண்ணா, எனக்கு யாருன்னு தெரிஞ்சா நான் தூங்க மாட்டேன்" என்றார், பிறகு, "வாங்க, லேபைப் பாருங்க" என்றார். அந்த லேப். மூன்றாவது மேசையில் பச்சை வர்ணம் அடித்த ஐந்து ஹெச்.பி. மோட்டார், பக்கத்திலேயே ரெக்கார்டு நோட்டு, போன மாதம் தேர்வில் எடுத்த அளவுகள், வோல்ட், ஆம்ப்பியர், வாட்ஸ், அழகான கையெழுத்து, சிவப்பில் சரி. என் பழக்கம், எந்த மோட்டாரைக் கண்டாலும் வெளியே நீட்டிய ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பேன், மாட்டைக் கண்டால் திமிலைத் தடவுகிற மாதிரி. தடவினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன், துரு உள்ளங்கையில் ஒட்டியது. கல். பக்கத்தில் நின்ற லேப் அசிஸ்டென்ட் ஆறுச்சாமி மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இது போன மாசம் ஓடுச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரீடிங் ஓடுச்சுங்" என்றார். ரீடிங் ஓடியிருக்கிறது. எத்தனை வருஷமாக? சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர், அந்த ஜூனியர் சீனியராகி அடுத்தவனுக்கு, பரம்பரைச் சொத்து மாதிரி நோட்டு கைமாறி, எல்லா வருஷமும் அதே 415 வோல்ட், அதே 7.2 ஆம்ப்பியர், எங்கள் பக்கத்து மின்லைனில் மழை பெய்தால் முந்நூற்று எண்பது தாண்டாது, நோட்டில் மட்டும் மழையே பெய்யவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே பேராசிரியர் ஞானசிகாமணியின் கையெழுத்து. மோசமான மனிதர் இல்லை, நேரம் தவறாதவர், ஒரு வகுப்பு விடாதவர், வைரமாகப் பாடம் நடத்துவார் என்று பிள்ளைகளே சொல்வார்கள், கையெழுத்துப் போடும்போது நோட்டைப் பார்த்தாரே தவிர மோட்டாரைப் பார்க்கவில்லை. சோதனையாக மேடமும் நானும் ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கினோம், முதல் சனிக்கிழமை அந்த மோட்டாரைத்தான் பத்தொன்பது பிள்ளைகளும் திறந்தார்கள், பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே குளவி கட்டிய மண்கூடு, ஒன்றில்லை, ஐந்தாறு, அடுக்குமாடி. கோகிலவாணி, முதல் ரேங்க் பெண், அதுவரைக்கும் துப்பட்டா நுனியால்தான் ஸ்பானரைத் தொட்டவள், கூட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், "சார், இதோட எபிஷியன்ஸி எண்பத்தி மூணு பர்சன்ட்டுன்னு நான் எழுதியிருக்கேன்." சிரிப்பு அடங்க வெகு நேரமானது. பிறகு வேலையை ஆரம்பித்தோம். நான் கேட்டேன், அவர்கள் தேடினார்கள், தப்பினார்கள், தப்பை எழுதினார்கள், மேடம் அந்தத் தப்புக்குப் பின்னால் இருக்கிற கணக்கைக் கரும்பலகையில் போட்டார், நானும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன், ஐம்பத்தோரு வயதில் காலேஜ் பெஞ்சு, என் முழங்கால் இடித்தது, யாருக்கும் தெரியாமல் அந்தப் பலகையைத் தடவிக்கொண்டேன். கரண்ட் இருக்கிறதோ இல்லையோ, புறங்கையால் தொடு, உள்ளங்கையால் தொட்டால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கோகிலவாணி போன ஜனவரியில் பல்லடத்துப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நேர்காணல் போனாள், அவர்கள் சான்றிதழைப் புரட்டிவிட்டு, நின்றுபோன ஒரு கம்ப்ரஸரைக் காட்டினார்கள், அவள் கிட்டே போய்ப் புறங்கையை மோட்டார்மேல் வைத்தாள், அவ்வளவுதான், இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, மெயின்டனன்ஸ் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம், "யாரு கண்ணு உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்றாராம். அன்றைக்கு ராத்திரி அவள் போனில் இதைச் சொல்லும்போது நான் ரிங் பிரேம் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன், மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்றேன், காது கேட்காததால் இல்லை.

கதவு திறந்தது. ஆறுச்சாமி, கையில் காலித் தட்டு, டீ கொடுத்துவிட்டு வருகிறார். கதவு சாத்துவதற்குள் ஒரு குரல் தப்பி வந்தது, ஞானசிகாமணியின் குரல், நிதானமான குரல், "பத்தாவது ஃபெயிலான ஒருத்தர் போடற மார்க்கை நாளைக்கு யுனிவர்சிட்டி ஒத்துக்குமா? பிள்ளைங்களோட டிகிரிக்கே ஆபத்து வந்தா யாரு பொறுப்பு?" சாத்திக்கொண்டது. நியாயமான கேள்வி. "ஏனுங்ணா, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்குது" என்றார் ஆறுச்சாமி, "உள்ள பிரசவமா நடக்குது?" "எத்தனை பேரு நம்ம பக்கம்?" என்றேன். "எண்ணலீங். டீய யாரும் தொடல, அப்படின்னா சண்டை பலம்னு அர்த்தம்." அவர் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம், முப்பது வருஷம் இந்த லேபைக் கூட்டியவர், அளவுகளை மனப்பாடமாகச் சொல்வார். "பதினேழுன்னு மேடம் சொல்றாங், நான் பதினெட்டுன்னு சொல்லுவன், நெகமம் ரோட்டுல ஒருத்தன் மோட்டார் வைண்டிங் கடை போட்டானே, அதென்ன வேலை இல்லீங்களா?" என்றார். அது சரி. பதினெட்டு. மிச்சம் ஒருத்தன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான், "அதும் ஒரு வேலைதானுங், என்ன, சம்பளம் வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுக்கப் போனார். நான் சிரித்தேன். சிரிப்பு நடுவில் நின்றது. நிராகரிப்பார்கள் என்கிற பயம் பெரிதாக இல்லை, அதைவிடப் பெரிய பயம் இப்போதுதான் தலைகாட்டுகிறது, ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொண்டு பாடமாக்கிவிடுவார்கள். அலகு ஒன்று, பழுது, வரையறை. அலகு இரண்டு, பழுதின் வகைகள். புறங்கையால் தொடுவதன் நன்மைகள் யாவை, இரண்டு மதிப்பெண். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், கடையில் பழுது நோட்டு விற்கும், போன வருஷத்துத் தப்புகளையே இந்த வருஷமும் எழுதுவார்கள், அழகான கையெழுத்தில், சிவப்பில் சரி. எதையும் நோட்டாக்கிவிடுகிற ஒரு வயிறு இந்த இடத்துக்கு இருக்கிறது. அதற்குத்தான் அந்தத் தாளில் ஒரு வரி எழுதச் சொன்னேன், பழுதைத் தேர்வன்று காலையில் வெளியாள்தான் வைக்க வேண்டும், காலேஜுக்கே தெரியக் கூடாது. அந்த வரிக்குத்தான் இத்தனை சண்டை. அந்த வரி போனால் எல்லாம் போயிற்று. ஒன்றை மட்டும் நாங்கள் எழுதவில்லை, அந்தப் பச்சை மோட்டார் ஓடாமல் கிடந்ததை. "வேண்டாம்ணா" என்றார் மேடம், "அவரோட கையெழுத்து இருக்கு, ஊரறிய அவரை நிறுத்திட்டு நாம ஜெயிக்க வேண்டாம்." நானும் சரி என்றேன். இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன், கத்தியை வீட்டில் வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தோமோ, பண்பு பார்த்துப் பண்பு பார்த்தே தோற்கிற சாதியோ நாங்கள், நூற்றிருபது பிள்ளைகள் ஒரு பக்கம், ஒரு மனிதரின் முகம் ஒரு பக்கம், தராசு எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்க.

ஆறுச்சாமி முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், இந்தத் தடவை கதவு முழுசாகச் சாத்தவில்லை, ஒரு விரல்கடை வெளிச்சம். ஞானசிகாமணி பேசிக்கொண்டிருந்தார். "நம்ம லேபுக்கு என்ன குறைச்சல்? பதினோரு வருஷத்து ரெக்கார்டு இதோ இருக்கு, ஒரு எக்ஸ்பெரிமென்ட் விட்டுப்போனதில்லை. வேணும்னா ஆறுச்சாமியவே கேளுங்க. ஏம்பா, மூணாவது டேபிள்ல ஒரு வருஷமாவது டெஸ்ட் நடக்காம இருந்திருக்கா?" நான் எழுந்துவிட்டேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. தட்டு மேசைமேல் வைக்கிற சத்தம். அந்த நொடியில் என் காதுக்குள் இருபத்தெட்டு வருஷமாக ஓடிய மில் நின்றது, சத்தியமாக நின்றது. "சார்" என்றார் ஆறுச்சாமி, "தப்பா எடுத்துக்காதீங்க சார். சனிக்கிழமைப் பிள்ளைங்க திறக்கற வரைக்கும் அந்த மோட்டார் ஒம்பது வருசமாச் சுத்தலீங். ரீடிங் நாந்தான் குடுப்பேன், பிள்ளைங்க கேப்பாங்க, பாவமா இருக்கும், குடுத்துருவன். உங்ககிட்டச் சொல்லோணும்னு பல தடவை வந்தனுங், நீங்க பாடம் எடுத்துட்டு இருப்பீங்க, நல்லா எடுப்பீங்க, நான் வாசப்படில நின்னு கேட்டுட்டுப் போயிருவன்." யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். யாரோ, அந்த ரெக்கார்டைக் குடுங்க, என்றார்கள், பக்கங்கள் புரள்கிற சத்தம், 2014, 2015, 2016, ஒரு பெண் குரல் வாசித்தது, 415, 7.2, 415, 7.2, 415, கோயிலில் போற்றி சொல்கிற மாதிரி, அப்புறம் அந்தக் குரலும் நின்றுவிட்டது. ஞானசிகாமணி பேசினார். நான் எதிர்பார்த்தது கோபம், இவன் யார் என்னைச் சொல்ல என்கிற கர்ஜனை, வந்தது வேறு. "இதுல இருக்கறது எல்லாம் என் கையெழுத்து. அப்ப நான் பேசினதை மினிட்ஸ்ல எழுத வேண்டாம், ஓட்டுக்கு விடுங்க." இவ்வளவுதான். ஆறுச்சாமி வெளியே வந்தார், தட்டில் முறுக்கு அப்படியே இருந்தது, கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார், "நாலு மாசத்தில ரிட்டயருங்ணா" என்றார், "பென்சன்ல கை வெப்பாங்களா?" தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்துப் பாதியை அவருக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம். எவ்வளவு சத்தமாக உடைகிறது முறுக்கு.

பதினொன்று இருபத்தைந்துக்கு மெஹருன்னிசா மேடம் வந்தார், வேகமாக வந்தார், செருப்புச் சத்தம் வகுப்புக்கு நேரமான மாதிரி, முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை, அழுதிருக்கிறார், அது எந்த அழுகை. "பதினோரு பேர்ல ஒம்பது பேரு நம்ம பக்கம்ணா" என்றார். "அந்த வரி?" என்றேன். "அந்த வரியோட. வெளியாள்தான் பழுதை வைக்கணும், அப்படியே இருக்கு. இன்னொண்ணு அவங்களாவே சேர்த்தாங்க, புதுசா சேர்ற வாத்தியார்களும் முதல் வருஷம் ஒரு மாசம் மில்லுல இருக்கணும்." ஆறுச்சாமியைப் பார்த்து, "உங்க பேரு மினிட்ஸ்ல இல்லீங்கண்ணா, முதல்வரே எழுத வேண்டாம்னுட்டார்" என்றார். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை, எனக்குள் ஏறிக்கொண்டிருந்தது, பாதத்திலிருந்து ஏறியது, மில்லில் கரண்ட் போய்த் திரும்ப வரும்போது முதலில் ஒரு விளக்கு, பிறகு ஒரு வரிசை, பிறகு ரிங் பிரேம்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்செடுத்து, இருபதாயிரம் நூல் கதிரும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பிக்குமே, அது. நூற்றிருபது. வருஷத்துக்கு நூற்றிருபது. கேட்டுக்கு வெளியே வெயிலில் சான்றிதழைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நிற்காத நூற்றிருபது பேர், அவர்களில் ஒருத்தரும் என்னை நினைக்க வேண்டியதில்லை, மோட்டாரை நினைத்தால் போதும், ஏன் ஓடவில்லை என்று ஒரு கணம் நின்று பார்த்தால் போதும். நான் ஜெயித்திருக்கிறேன். இந்தச் சொல்லை எனக்காக நான் உபயோகித்ததே இல்லை, வாயில் வைத்துப் பார்த்தேன், கணக்கில் போன வாய், ருசித்தது. அப்போது கதவருகில் ஞானசிகாமணி நின்றார். மற்றவர்கள் அவரைத் தாண்டி, அவரைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார். உயரமான மனிதர், கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு உயரமில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?" என்றார். "ஒம்பதுக்குங்க சார்." "நான் வரலாமா?" சோதிக்க வருகிறார் என்று நினைத்தேன், "தாராளமாப் பார்க்கலாங்க சார்" என்றேன். "பார்க்க இல்லை" என்றார். சுற்றிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தவில்லை, அதுதான் அவர். "இருபத்தாறு வருஷமா மெஷின்ஸ் நடத்தறேன். ஒரு மோட்டாரைக்கூட என் கையால திறந்ததில்லை. யார்கிட்டயும் கேட்கத் தோணலை, அப்புறம் கேட்க முடியாத எடத்துக்கு வந்துட்டேன்." தோற்றவரைப் பார்க்கிற சந்தோஷம் ஒன்று வருமே, அதற்கு இடம் வைத்திருந்தேன், அது வரவில்லை, வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. "அரைக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க சார்" என்றேன், "மோதிரத்தக் கழட்டிருங்க, டெர்மினல்ல பட்டா விரலே போயிரும்." அவர் அங்கேயே, வராந்தாவிலேயே, மோதிரத்தைத் திருக ஆரம்பித்தார். கல்யாண மோதிரமாக இருக்க வேண்டும், சதை இரண்டு பக்கமும் ஏறி மூடியிருந்தது, திருகினார், விரல் சிவந்தது, வரவில்லை. கையை என்னிடம் நீட்டினார். பிடித்துப் பார்த்தேன், மெத்தென்ற கை. "அவசரப்பட்டு இழுக்காதீங்க சார்" என்றேன், "சோப்புத் தண்ணி போட்டுத் திருகினா வந்துரும். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானுங்களே."